வென்றவன் ஏன் ஓடினான்? தேவாசுரப் போர்களின் பொருள்

கருணையே உருவானவர்கள் என்று நாம் வணங்கும் தெய்வங்களின் கைகளில் ஏன் இத்தனை ஆயுதங்கள், அசுரர் என்போர் உண்மையில் யார், இந்தப் போர்களை நடந்தவையாகக் கொள்வதா உருவகங்களாகக் கொள்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் சேர்த்து வழக்கமாகத் தரப்படும் விடை, நன்மை தீமையை வெல்கிறது என்பதாகும். அந்த விடை தவறன்று. ஆனால் குழந்தைகளுக்குக் கதை சொல்லும்போது போதுமானதாக இருக்கும் அது, மூலநூல்களை விரித்து வைத்துப் படிக்கும்போது போதாமல் போகிறது. ஏனெனில் அந்நூல்களில் வென்றவர் அஞ்சி ஓடுகிறார், பழி சுமக்கிறார், செருக்குற்றுத் தலைகுனிகிறார்; தோற்றவரோ கோயில் வாயிலில் காவல் நிற்கிறார், வாகனமாகிறார், வருங்கால இந்திரனாகக் குறிக்கப்படுகிறார். ஆகவே, போர்க்களத்தில் என்ன நடந்தது என்பதைவிடப் போர் முடிந்தபின் இரு தரப்பாருக்கும் என்ன நேர்ந்தது என்பதை உற்றுப் பார்ப்பதே இக்கதைகளின் பொருளை அறியும் வழி என்பது என் கருத்து.

ரிக் வேதத்தின் முதல் மண்டலத்திலுள்ள 32ஆம் பாடலிலிருந்து தொடங்கலாம். இந்திரன் விருத்திரனைக் கொன்றதைப் பாடும் 15 மந்திரங்கள் அவை. விருத்திரன் என்ற சொல்லுக்கே மறைப்பவன், தடுப்பவன் என்றுதான் பொருள். மலையின்மேல் பாம்பாகக் கிடந்து நீரை அடைத்து வைத்திருந்த அவனை, தேவதச்சனாகிய துவட்டா செய்து கொடுத்த வச்சிரத்தால் இந்திரன் பிளக்கிறான். கதறிக்கொண்டு ஓடும் பசுக்களைப் போல நீர் கடலை நோக்கிப் பாய்கிறது. கோடரியால் வெட்டிச் சாய்த்த மரம்போல விருத்திரன் நிலத்தில் கிடக்கிறான். இதுவரை இது வெற்றிப் பாட்டு. ஆனால் 9ஆம் மந்திரத்தில் கவி சற்று நின்று, விருத்திரனின் தாயாகிய தானுவைக் காட்டுகிறார். மேலே தாய், கீழே மகன், கன்றோடு கிடக்கும் பசுவைப் போல அவள் கிடக்கிறாள் என்கிறார். அதைவிட வியப்பூட்டுவது 14ஆம் மந்திரம். பாம்பைக் கொன்ற உன் நெஞ்சில் அச்சம் புகுந்ததே, பழிவாங்க வந்த யாரைக் கண்டாய் இந்திரா, மிரண்ட பருந்தைப் போலத் தொண்ணூற்றொன்பது ஆறுகளைக் கடந்து ஓடினாயே என்று கவி கேட்கிறார். கேட்டுவிட்டு விடை சொல்லாமல், அடுத்த மந்திரத்தில் இந்திரனை அனைத்துக்கும் அரசன் என்று வாழ்த்திப் பாடலை முடித்துவிடுகிறார்.

இப்பாடலை மழைக்கும் வறட்சிக்கும் இடையிலான போராட்டமாகப் படித்தவர்கள் உண்டு; அடைபட்ட நீர் விடுபடுவதைப் பாடும் பாட்டு ஆதலால் அதற்கு இடமும் உண்டு. ஆனால் மேகத்தைப் பிளந்தவன் எதற்காக அஞ்சி ஓட வேண்டும் என்ற கேள்விக்கு அந்த விளக்கத்தில் இடமில்லை. பிற்கால நூல்கள் அந்தக் கேள்வியை விடவில்லை. மகாபாரதத்திலும் புராணங்களிலும் விருத்திரன் துவட்டாவின் வேள்வித் தீயில் தோன்றிய மகனாகிறான். துவட்டாவின் மூத்த மகன் விசுவரூபனை இந்திரன் ஏற்கெனவே கொன்றிருக்கிறான். எனவே விருத்திரனைக் கொன்றதும் பிரமகத்தி, அதாவது அந்தணரைக் கொன்ற பழி, இந்திரனைத் துரத்துகிறது. அவன் தாமரைத் தண்டுக்குள் நுழைந்து ஒளிந்துகொள்கிறான். காலியாக இருந்த அரியணையில் நகுடன் என்ற மனித அரசன் அமர்த்தப்படுகிறான். வேதக் கவி விடையில்லாமல் விட்ட அச்சத்துக்குப் பழி என்ற பெயர் கிடைத்துவிட்டது.

பாகவதத்தின் ஆறாம் கந்தம் இதற்கும் ஒரு படி மேலே செல்கிறது. ததீசி முனிவர் தம் உடலையே துறந்து தந்த எலும்புகளால் ஆன வச்சிரம், போரின் நடுவே இந்திரனின் கையிலிருந்து நழுவி எதிரியின் காலடியில் விழுகிறது. குனிந்து எடுக்க வெட்கி நிற்கும் இந்திரனைப் பார்த்து, எடுத்துக்கொள், போரைத் தொடர், இது வருந்தும் நேரமன்று என்று சொல்பவன் விருத்திரனே. தனக்கு வீட்டுலகப் பதவியும் வேண்டாம், இறைவனின் அடியார்க்கு அடியாராக இருக்கும் பேறு வேண்டும் என்று அவன் களத்தில் நின்று வேண்டுகிறான். அங்கே அசுரன் பக்தன். தேவன் பதவியை விட மனமில்லாதவன். இப்படிப்பட்ட காட்சியை நன்மை தீமை என்ற இரண்டு பெட்டிகளில் எதில் அடைப்பது?

இனி, அசுரர் யார் என்ற கேள்வி. ரிக் வேதத்தின் பழைய பகுதிகளில் அசுரன் என்பது வசைச்சொல் அன்று; வருணனையும் இந்திரனையும் அக்கினியையுமே அச்சொல்லால் போற்றுகிறார்கள். ஆற்றல் மிக்க தலைவன் என்பது அங்கே அதன் பொருள். அதே சொல்லின் இணை வடிவம் ஈரானியரின் பழைய மறைநூலாகிய அவெத்தாவில் அகுரா மஸ்தா என்று முழுமுதற் கடவுளின் பெயராகிறது. அங்கே தேவர் என்பதன் இணைச்சொல்தான் தீய சக்திகளைக் குறிக்கிறது. வேத காலத்தின் பிற்பகுதியில்தான் நம் பக்கத்தில் அசுரர் என்பது எதிரியின் பெயராக நிலைத்தது. அசுரர் என்போர் தோற்கடிக்கப்பட்ட ஓர் இனத்தார் என்று கொள்ளும் விளக்கம் கடந்த இரு நூற்றாண்டுகளாகப் பெரிதும் பேசப்பட்டிருக்கிறது. அரசியல் மேடைகளில் அதற்கு ஒரு பயன் இருந்திருக்கலாம். நூல்களைக் கொண்டு அதை நிறுவுவது கடினம். வருணனும் அசுரன், பிரகலாதனும் அசுரன். அரக்கனாகிய இராவணன் புலத்தியரின் பேரன், வேதம் கற்றவன். விருத்திரனைக் கொன்றவனுக்குச் சேர்ந்த பழி பிரமகத்தி.

நூல்கள் திரும்பத் திரும்பச் சொல்வது உறவைத்தான். தேவரும் அசுரரும் ஒரே தந்தையின் மக்கள். புராணங்களில் அந்தத் தந்தை காசிபர். அதிதி வயிற்றில் தேவர், திதி, தனு வயிற்றில் தைத்தியரும் தானவரும். உபநிடதங்களில் அவர் பிரசாபதி. பிருகதாரணியக உபநிடதம் இந்த உறவைச் சொல்லும்போது ஒரு சிறு குறிப்பையும் சேர்க்கிறது: தேவர் சிலர், அசுரர் பலர். ஏன் அசுரர் பலர்? சங்கரரின் உரை இதற்குத் தரும் விளக்கம் நேரானது. நூலறிவால் பண்பட்டு ஒளிபெற்ற புலன்களின் போக்கே தேவர். இயல்பாக, பயிற்சியின்றி, தன் இன்பத்தை நாடி ஓடும் அதே புலன்களின் போக்கே அசுரர். பின்னது எவருக்கும் முயலாமலே வாய்ப்பதால் அதற்கு எண்ணிக்கை அதிகம், முன்னது முயன்று பெற வேண்டியதால் குறைவு.

சாந்தோக்கிய உபநிடதத்தின் முதற்பகுதியில் இந்தப் போர் மிக நெருக்கமாகக் காட்டப்படுகிறது. அசுரரை வெல்ல விரும்பிய தேவர்கள் உத்கீதம் என்னும் வேதப் பாடலைக் கையில் எடுக்கிறார்கள். முதலில் அதை மூக்கிலுள்ள மூச்சாக எண்ணி வழிபடுகிறார்கள். அசுரர் அந்த மூச்சைத் தீமையால் துளைத்துவிடுகிறார்கள்; அதனால்தான் மூக்கு நறுமணத்தையும் முகர்கிறது, நாற்றத்தையும் முகர்கிறது என்கிறது உபநிடதம். பிறகு வாக்கு, அதுவும் துளைபடுகிறது, அதனால் மனிதன் மெய்யும் பேசுகிறான், பொய்யும் பேசுகிறான். கண், காது, மனம் என்று ஒவ்வொரு கோட்டையாக விழுகிறது. கடைசியில் வாயிலுள்ள தலைமைப் பிராணனிடம் செல்கிறார்கள். அதைத் தாக்க வந்த அசுரர், கற்பாறைமேல் எறிந்த மண்ணாங்கட்டியைப் போலச் சிதறிப் போகிறார்கள். பிராணனை ஏன் துளைக்க முடியவில்லை என்றால், அது தனக்கென்று எதையும் நுகர்வதில்லை. உண்பதும் குடிப்பதும் மற்றப் புலன்களைக் காக்கத்தான். இந்தக் களத்தில் வில் இல்லை, தேர் இல்லை. ஒரு மனித உடலின் ஒன்பது வாயில்களுக்குள் முழுப் போரும் நடந்து முடிகிறது. உருவக விளக்கம் என்பது பிற்காலத்தார் வெட்கப்பட்டுக் கதைகளுக்குப் போர்த்திய போர்வை என்று சிலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று, புராணங்கள் தொகுக்கப்படுவதற்கு மிக முன்பே இந்த விளக்கம் நூலில் எழுதப்பட்டிருக்கிறது.

வெற்றிக்குப் பிந்திய செருக்கைக் கேன உபநிடதம் சொல்கிறது. வெற்றி பரம்பொருளாகிய பிரமத்தினுடையது, தேவர்கள் அதைத் தங்களுடையதென்று கொண்டாடுகிறார்கள். அப்போது அவர்கள் முன்னே இயக்கன் (யட்சன்) வடிவம் ஒன்று தோன்றி ஒரு துரும்பை வைக்கிறது. அக்கினியால் அதை எரிக்க முடியவில்லை, வாயுவால் அசைக்க முடியவில்லை. இந்திரன் நெருங்கியதும் அந்த வடிவமே மறைந்துவிடுகிறது. அவ்விடத்தில் தோன்றிய உமை சொல்லித்தான் அது யார் என்று அவனுக்குத் தெரிகிறது.

தமிழில் இதற்கு இணையாக நிற்பது திரிபுரக் கதை. பொன், வெள்ளி, இரும்பால் ஆன மூன்று பறக்கும் கோட்டைகளை எரிக்கச் சிவபெருமானுக்குத் தேவர்கள் தேர் அமைத்தார்கள்: நிலம் தேர்த்தட்டு, ஞாயிறும் திங்களும் சக்கரங்கள், மேரு வில், வாசுகி நாண், திருமால் அம்பு, நான்முகன் சாரதி. விநாயகரை மறந்து புறப்பட்டதால் தேரின் அச்சு முறிந்த இடமே அச்சிறுபாக்கம் என்று தலபுராணம் சொல்லும். இவ்வளவு ஏற்பாடும் செய்தபின், தம்மால்தான் வெற்றி என்று தேவர் ஒவ்வொருவரும் நினைத்தார்களாம். இறைவன் அம்பைத் தொடாமல் சிரித்தார், கோட்டைகள் எரிந்தன. இந்த வீரம் நிகழ்ந்த தலமாகத் திருவதிகை, சிவபெருமானின் எட்டு வீரச் செயல்களுக்குரிய தலங்களான அட்ட வீரட்டானங்களுள் ஒன்றாக வணங்கப்படுகிறது. திருமூலர் இக்கதையைச் சொல்லும் விதமோ நம்மைத் திடுக்கிடச் செய்யும். முப்புரத்தை எரித்தான் என்று சொல்பவர்கள் மூடர்கள், "முப்புர மாவது மும்மல காரியம்", அதை அவன் எரித்ததை யார் அறிவார் என்கிறார். உயிரைப் பிணிக்கும் அழுக்குகளான ஆணவம், கன்மம், மாயை ஆகிய மூன்றுமே அந்தக் கோட்டைகள். ஆனாலும் வீரட்டங்களைப் பாடும் அதே பகுதியில், சலந்தரன் என்னும் அசுரனை ஆழியால் அழித்ததை அவர் கதையாகவே சொல்லிச் செல்கிறார் என்பதையும் மறக்கக் கூடாது. எங்கே கதை, எங்கே தத்துவம் என்று அவர் வேலி போடவில்லை.

திரிபுரக் கதைக்குச் சுந்தரர் சேர்க்கும் ஒரு செய்தி எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. திருப்புன்கூர்ப் பதிகத்தில், கோட்டைகள் எரிந்த அந்நாளில் மூவர் மட்டும் தப்பிப் பிழைத்தார்கள் என்கிறார். அவர்களில் இருவரை இறைவன் தன் கோயில் வாயிலுக்குக் காவலாக ஏவினான். மற்றவனைத் தன் நடனத்துக்கு முழவு முழக்கும்படி அருளினான். எரித்தவனின் கூத்துக்கு எரிந்த ஊரைச் சேர்ந்தவன் தாளம் தருகிறான்.

தேவியின் போர்களுக்கு வந்தால், மாமல்லபுரத்து மகிடாசுரமர்த்தினி குடைவரையில் சிறிது நேரம் நிற்க வேண்டும். 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்துச் சிற்பி ஒரு சுவரில் சிங்கத்தின்மேல் ஏறி வில்லை நாணேற்றி இழுக்கும் எட்டுக் கைத் தேவியைச் செதுக்கியிருக்கிறார். எதிரே எருமைத் தலையும் மனித உடலுமாக மகிடன், இரு கைகளிலும் கதாயுதத்தைப் பற்றியபடி பின்வாங்கிச் சாய்ந்து நிற்கிறான். அவன் தலைக்கு மேல் அரசக் குடை இன்னும் இருக்கிறது. காலின் கீழ் நசுங்கும் எருமைத் தலையைச் சிற்பி காட்டவில்லை. தோல்வி தொடங்கிவிட்டது, ஆனால் முடியவில்லை என்ற அந்தக் கணத்தைக் காட்டுகிறார். அதற்கு நேர் எதிர்ச் சுவரில் திருமால் அறிதுயிலில் கிடக்கிறார். அவர் கால்மாட்டில் மது, கைடபன் என்னும் அசுரர் இருவர் தாக்கக் காத்து நிற்கிறார்கள். ஒரு பக்கம் போரின் உச்சம், மறுபக்கம் முழு அமைதி. தேவியின் வெற்றிகளைப் பாடும் நூலான தேவி மாகாத்மியத்தின் முதல் இரண்டு கதைகள் இவையே. மது, கைடபர் கதையில் ஒரு வேடிக்கையும் உண்டு: ஐயாயிரம் ஆண்டு மற்போருக்குப் பின், வலிமைச் செருக்கால் மயங்கிய அவர்கள் திருமாலிடமே வேண்டும் வரத்தைக் கேள் என்கிறார்கள், நீங்கள் என் கையால் மடிய வேண்டும் என்று அவர் கேட்டுவிடுகிறார்.

இக்கதைகள் அந்நூலில் யாருக்குச் சொல்லப்படுகின்றன என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. அரசை இழந்த சுரதன் என்ற மன்னனும், பணத்தாசையால் மனைவி மக்களே வீட்டை விட்டுத் துரத்திய சமாதி என்ற வணிகனும் காட்டில் மேதசு முனிவரைச் சந்திக்கிறார்கள். தங்களுக்குத் தீங்கு செய்தவர்களையே தம் மனம் விடாமல் நினைத்து உருகுகிறதே, அறிவிருந்தும் இது ஏன் என்பதே அவர்களின் கேள்வி. அதற்கு விடையாகத்தான் முனிவர் மகிடனையும், சிந்திய ஒவ்வொரு குருதித் துளியிலிருந்தும் புதிதாக முளைக்கும் இரத்தபீசனையும் பற்றிச் சொல்கிறார். வெட்ட வெட்டப் பெருகும் அந்த எதிரியைக் காளி, குருதி நிலத்தில் விழாமல் குடித்துத்தான் முடிக்கிறாள். விட நினைத்தும் விடமுடியாத எண்ணத்தோடு போராடிய எவருக்கும் இரத்தபீசன் யார் என்று விளக்க வேண்டியதில்லை.

சூரபன்மன் கதையில் இந்தப் போக்கு முழுமை அடைகிறது. பழந்தமிழில் சூர் என்றால் அச்சம், அச்சம் தரும் தெய்வம். கடல் கலங்க உள்ளே புகுந்து சூரனைத் தடிந்த நெடுவேல் என்று திருமுருகாற்றுப்படை பாடுகிறது. கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்திலோ, கடல் நடுவே மாமரமாக நின்ற சூரனை வேல் இரண்டாகப் பிளக்க, ஒரு கூறு மயிலாகவும் மறு கூறு சேவலாகவும் வருகிறது. ஒன்று வாகனமாகிறது, மற்றது கொடியில் ஏறுகிறது. சைவர்கள் சூரனை ஆணவமாகவும், அவன் தம்பியருள் சிங்கமுகனைக் கன்மமாகவும், தாரகனை மாயையாகவும் விளக்குவது வழக்கம். சித்தாந்தத்தின்படி ஆணவ மலம் உயிரோடு அனாதியாக இருப்பது. அதன் வலிமை அடங்குமே தவிர அது இல்லாமல் போய்விடாது. ஆணவத்துக்கு இப்படியொரு இலக்கணம் சொன்ன மரபில், சூரன் செத்து ஒழிந்தான் என்று கதையை முடித்திருந்தால் தத்துவம் பிழைபட்டிருக்கும். திருச்செந்தூர்க் கடற்கரையில் ஐப்பசிச் சஷ்டி அன்று சூரசம்காரத்தைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள்: அசுரனாக வரும் பொம்மைக்கு ஒரே உடல்தான், அதில் யானை முகத்தை மாட்டினால் தாரகன், அதைக் கழற்றிச் சிங்க முகத்தை மாட்டினால் சிங்கமுகன், பிறகு சூரன். எதிரி மூவரல்லர், ஒருவனே என்பதை உரையாசிரியர் துணையின்றி அந்த மரப்பொம்மை சொல்லிவிடுகிறது.

நடந்தவையா, உருவகங்களா என்ற கேள்விக்கு இதற்குமேல் நேரடியாகச் சொல்வதென்றால், ஆண்டும் இடமும் குறித்து நிறுவக்கூடிய வரலாறாக இவற்றை நான் கொள்வதில்லை. அதே சமயம், எல்லாம் வெறும் உருவகம் என்று சொல்லி முடித்துவிடுவதும் எனக்கு உடன்பாடில்லை. தானு மகன்மேல் விழுந்து கிடப்பதற்கும், இந்திரன் குனிய வெட்கி நிற்பதற்கும் தத்துவ அட்டவணையில் இடமில்லை. அவை துயரமாகவும் நாணமாகவும்தான் நம்மைத் தொடுகின்றன. கீதையின் 16ஆம் அத்தியாயம் தெய்வ இயல்பு, அசுர இயல்பு என்று மனிதக் குணங்களைப் பிரித்துக் காட்டுகிறது; ஆனால் அதைச் சொல்லும் இடமும் ஒரு போர்க்களம்தான், எதிரே நிற்பவர்கள் கேட்பவனின் உறவினர்கள்தான்.

ஆயுதங்களைப் பற்றிய உங்கள் முதற் கேள்வி மீதம் இருக்கிறது. மாவலி கதையின் முடிவை அதற்குச் சொல்லலாம். பிரகலாதனின் பேரனாகிய மாவலி மூவுலகையும் வென்றவன். வாமனனுக்கு மூன்றடி தந்து அனைத்தையும் இழந்தவன். வாக்குத் தவறாததற்காக, அடுத்து வரவிருக்கும் சாவர்ணி மன்வந்தரத்தில், அதாவது சாவர்ணி என்னும் மனுவின் காலத்தில், அவனே இந்திரன் என்று திருமால் குறித்து வைத்தார். காட்டில் கதை கேட்ட அந்தச் சுரதனே அந்த மன்வந்தரத்தின் மனு. அதுவரை மாவலி இருக்கும் இடம் கீழுலகங்களுள் ஒன்றான சுதலம். அங்கே அவனை எவரும் துன்புறுத்தாதபடி தாமே காப்பதாகத் திருமால் சொன்ன சொல்லைப் பாகவதம் பதிவு செய்திருக்கிறது. அதன்படி, வென்றவர் கையில் கதாயுதம் ஏந்தி, தோற்றவனின் வாயிலில் காவல் நிற்கிறார்.